நகர வாயிலுக்குப் புறம்பே

கல்வாரி மலை என்று சிறுவயது முதலே சொல்லியும் பாடியும் பழகிவிட்டோம். தவக்காலத்தில் நம் பங்குகளில் பாடுகளின் காட்சியை நடித்துக் காட்டும்போது, மூங்கிலும் சாக்கும் கொண்டு ஒரு குன்று அமைத்து, அதன் உச்சியில் மூன்று சிலுவைகளை நட்டுவைப்பது வழக்கம். கோயிற் சுவரில் மாட்டிய சிலுவைப் பாதைப் படங்களிலும் ஒரு மலை, மலைக்கப்பால் கருமேகம். ஆகவே, நம் ஆண்டவர் அறையுண்ட இடத்தைத் தேடி எருசலேமுக்குச் செல்லும் எவரும் முதலில் கண்களை உயர்த்தியே தேடுவர். நாமும் அப்படித்தான் தேடினோம். மலை எதுவும் தென்படவில்லை. நெரிசலான கடைத்தெரு ஒன்றின் முடுக்கில் திரும்பி, ஒரு சிறு வாயிலைக் கடந்தால், கல் பாவிய முற்றம். அதற்கெதிரே காலத்தால் பழுப்பேறிய கோயில் முகப்பு. கல்வாரி அக்கோயிலுக்குள்ளே, கூரைக்கு அடியில் இருக்கின்றது.

சற்று எண்ணிப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நற்செய்தியாளர் நால்வருள் ஒருவரேனும் அவ்விடத்தை மலை என்று குறிக்கவில்லை. மண்டை ஓட்டின் இடம் என்று பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டனர். மலை என்பது பிற்காலத்துப் பக்தியும் ஓவியர்களும் தந்த உயரம்.

கோயிலுக்குள் செல்லுமுன் சிலுவைப் பாதையைப் பற்றிச் சில சொற்கள். பழைய நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு பள்ளியின் முற்றத்தில் முதல் நிலை தொடங்குகின்றது. வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவியர் முன்செல்ல, பல நாட்டு மக்கள் பல மொழிகளில் செபித்துக்கொண்டு பின்தொடர்கின்றனர். பாதையின் பெரும்பகுதி கடைவீதி. மூட்டை மூட்டையாக மசாலாப் பொருள், தட்டு நிறைய இனிப்பு, தொங்கவிட்ட துணிமணிகள், ஒலிவ மரத்தில் கடைந்த சிறு சிலுவைகள். ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்ததை நாம் தியானிக்கும்போது பக்கத்துக் கடையில் ஒருவர் விலை பேசிக்கொண்டிருப்பார். சுமை வண்டியைத் தள்ளி வருபவர் வழிவிடும்படி குரல் கொடுப்பார். பக்தி கலைகின்றதே என்று நம்முடன் வந்தவர்களுள் சிலர் மனம் வருந்தினர். நமக்கோ அதுவே பொருத்தமாகத் தோன்றிற்று. அந்த வெள்ளிக்கிழமையன்றும் பாஸ்குத் திருவிழாக் கூட்டத்தினிடையே, வாங்குவோரும் விற்போரும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தெருக்களின் வழியாகத்தானே அவரை நடத்திச் சென்றிருப்பர்!

அன்று அவர் நடந்த தெருக்கள் இவையேதாமா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடையாக இருக்கக்கூடும். பிலாத்துவின் நீதியிருக்கை நகரின் மேற்கே, ஏரோதின் அரண்மனையில் இருந்தது என்று இன்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியாயின் ஆண்டவர் வந்த திசையே வேறாகும். நாம் நடக்கும் இந்தப் பாதையை வகுத்துத் தந்தது நூற்றாண்டுகளின் பக்தி. பாதை மாறினாலும் அது போய்ச் சேரும் இடத்தில் ஐயம் குறைவு. அவ்விடத்திற்கு மண்ணே சான்று கூறுகின்றது.

அந்தச் சான்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். இன்று கோயில் நிற்கும் இடம், ஆண்டவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்க் கல் வெட்டி எடுத்த பெரும் பள்ளமாக இருந்தது. எருசலேமின் வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லை அடுக்கடுக்காக அறுத்துக் கட்டடங்களுக்குக் கொண்டு சென்றனர். பிரான்சிஸ்கன் துறவியும் தொல்லியல் அறிஞருமான விர்ஜீலியோ கோர்போ, 1960ஆம் ஆண்டுகள் தொடங்கி நிகழ்ந்த அகழ்வுகளின் பயனாக, இக்கோயிலின் அடித்தளத்தைப் பற்றி விரிவான நூலொன்று வெளியிட்டார். நல்ல கல்லையெல்லாம் வெட்டி எடுத்த பின்னர், விரிசல் கண்ட பாறை ஒன்று மட்டும் நடுவே நின்றுவிட்டது. கட்டடத்திற்கு உதவாது என்று கல்தச்சர் அதனைத் தொடாமல் விட்டனர் என்பது ஆய்வாளர் கருத்து. சுற்றிலும் பள்ளம், நடுவே துருத்திக்கொண்டிருக்கும் பயனற்ற பாறை. உயரம் ஏறக்குறைய 5 மீட்டர். மண்டை ஓடு என்று மக்கள் அதற்குப் பெயரிட்டதும் அதன் தோற்றத்தைக் கண்டே ஆகலாம்.

கட்டுவோர் வேண்டாமென்று ஒதுக்கிய கல்லே மூலைக்கல் ஆயிற்று என்னும் சங்கீதத்தின் கருத்தை ஆண்டவர் தம்மைக் குறித்தே எடுத்துரைத்தார் அன்றோ? அக்கருத்தை உவமை என்றே இதுவரை கேட்டு வந்தோம். அவர் குருதி சிந்திய பாறையும் அவ்வாறே ஒதுக்கப்பட்ட கல் என்று அறிந்தபோது, சிறிது நேரம் நாம் ஒன்றும் பேசவில்லை.

கைவிடப்பட்ட அப்பள்ளத்தில் நாளடைவில் மண் சேர்ந்தது. சிலர் தோட்டம் போட்டனர். பள்ளத்தின் பக்கச் சுவர்களைக் குடைந்து கல்லறைகள் அமைத்தனர். ஆண்டவரை அறைந்த இடத்தருகே ஒரு தோட்டமும், அதில் ஒரு புதுக் கல்லறையும் இருந்தன என்று அருளப்பர் எழுதியிருப்பதை நாம் அறிவோம். 2022இல் கோயிலின் பழைய தளக்கற்களைப் பெயர்த்துச் சீரமைக்கும் பணி தொடங்கியபோது, உரோமை சப்பியென்சா பல்கலைக்கழகத்தார் தரைக்கடியில் ஆய்வு செய்து, ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் அங்கு வளர்ந்ததற்கான எச்சங்களைக் கண்டனர். இச்செய்தி 2025இல் உலகெங்கும் பரவிற்று.

இவ்விடம் அக்காலத்தில் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. யூதர் தம் இறந்தோரை ஊருக்குள் புதைப்பதில்லை. கல்லறைகள் இருப்பதே அது புறநகர் என்பதற்கு அடையாளம். ஆண்டவர் இறந்து சில ஆண்டுகளே ஆன பின், கி.பி. 41க்கும் 44க்கும் இடையில் ஆண்ட ஏரோது அகிரிப்பா வடக்கே புதிய மதில் எழுப்பத் தொடங்கியதால், இவ்விடமும் நகரோடு சேர்ந்தது. ஆகையால்தான் இன்று மதிலுக்கு உள்ளே நின்றுகொண்டு, இது எப்படி ஊருக்குப் புறம்பாகும் என்று வெளிநாட்டார் பலர் குழம்புகின்றனர்.

உரோமையர் இத்தகைய இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வாயிலுக்கு வெளியே, ஆனால் வழிப்போக்கர் கண்ணில் படும் தொலைவில், சாலையோரமாகச் சிலுவை நிற்க வேண்டும். காண்போர் அஞ்ச வேண்டும். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை அது. உரோமைக் குடியுரிமை பெற்றவருக்குப் பொதுவாக அதை விதிப்பதில்லை. கி.மு. 71இல் ஸ்பார்த்தக்குஸ் என்னும் அடிமை வீரனின் கிளர்ச்சியை அடக்கியபோது, ஆறாயிரம் பேரை ஆப்பியா நெடுஞ்சாலையில் வரிசையாகச் சிலுவையில் அறைந்தனர். கி.பி. 70இல் எருசலேமை முற்றுகையிட்டபோது, நாளொன்றுக்கு ஐந்நூறு பேரையும் அதற்கு மேலும் மதிலுக்கு எதிரே அறைந்தனர் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகின்றார். நம் ஆண்டவரின் சிலுவை உலகில் ஒரே சிலுவை அன்று. பெயரறியாப் பல்லாயிரவரின் வரிசையில் அவரும் ஒருவராக நிறுத்தப்பட்டார். வலப்புறம் ஒருவன், இடப்புறம் ஒருவன், நடுவில் அவர்.

அப்பல்லாயிரவருள் ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். 1968இல் எருசலேமின் வடபுறத்தில் வீடுகள் கட்ட நிலத்தைத் தோண்டியபோது, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த குடும்பக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதில் எலும்புகளை இட்டு வைக்கும் சிறு கற்பேழை ஒன்றின்மீது யெகோகனான் என்ற பெயர் பொறித்திருந்தது. நம் மொழியில் சொன்னால், அருளப்பர். இளவயது ஆடவர். அவருடைய வலக் குதிகால் எலும்பில் 11.5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி தைத்தபடியே இருந்தது. ஆணியின் தலைக்கும் எலும்புக்கும் இடையே சிறு மரத்துண்டு. ஆணியின் கூர் வளைந்திருந்ததால் அதைப் பிடுங்க இயலாமற் போயிற்று. சிலுவையில் அறையுண்டவரின் உடலுக்கு இத்தகைய நேரடிச் சான்று கிடைப்பது மிக மிக அரிது.

குடும்பங்களுக்காக வெளிவரும் இவ்விதழில் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த இளைஞர் எக்குற்றத்திற்காக அறையுண்டார் என்பதற்கு எழுத்து ஏதும் இல்லை. மரத்தில் தொங்கியவன் சபிக்கப்பட்டவன் என்று திருச்சட்டம் கூறும் சமூகத்தில், அவர் உடலைக் கேட்டுப் பெற்றுக் குடும்பக் கல்லறையில் வைத்திருக்கின்றனர். அக்கால வழக்கப்படி, தசை அழிந்த பின்னர் மீண்டும் வந்து, எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஆணியோடு சேர்ந்த குதிகாலையும் எடுத்துப் பேழையில் வைத்து, மேலே அவர் பெயரையும் தந்தையின் பெயரையும் எழுதியிருக்கின்றனர். எங்கள் பிள்ளை என்று சொல்ல அவர்கள் நாணவில்லை. சிறை சென்ற மகனின் பெயரை வீட்டில் உச்சரிக்கவும் அஞ்சும் குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லையா? திருமணப் பத்திரிகையில் விடுபட்டுப்போன உடன்பிறப்பின் பெயர்கள் எத்தனை!

இனிக் கோயிலுக்குள் செல்வோம். வாயிலைக் கடந்ததும் எதிரே, ஆண்டவரின் திருவுடலுக்கு நறுமணத் தைலம் பூசியதை நினைவுறுத்தும் நீண்ட செந்நிறக் கற்பலகை. மக்கள் அதில் நெற்றியை வைத்து முத்தமிடுகின்றனர். கைக்குட்டையால் துடைத்து எடுத்துச் செல்கின்றனர். அதற்கு முன்பே வலப்புறத்தில் செங்குத்தான குறுகிய படிக்கட்டு. தேய்ந்து வழுக்கும் அக்கற்படிகளில் முதியோர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு ஏறுகின்றனர். ஏறி முடித்தால் பாறையின் உச்சி மட்டத்தில் இருக்கின்றோம், கல்வாரி இதுவே.

மேலே இரண்டு சிற்றாலயங்கள் அருகருகே உள்ளன. வலப்பக்கம் கத்தோலிக்கருடையது, ஆண்டவரை ஆணிகளால் அறைந்ததை அங்கே நினைவுகூர்கின்றோம். இடப்பக்கம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாருடையது. சிலுவை நின்ற இடம் அங்கேதான். எண்ணற்ற விளக்குகள் தொங்க, வெள்ளித் தகடுகள் மின்ன, ஆளுயரத்தில் அறையுண்ட ஆண்டவரின் உருவம். இருபுறமும் அன்னையும் அருளப்பரும். பீடத்திற்கடியில் வெள்ளி வட்டமொன்று. அதன் நடுவே துவாரம். மண்டியிட்டு, குனிந்து, ஏறத்தாழத் தவழ்ந்துதான் அதனை அணுக முடியும். துவாரத்தில் கைவிட்டால் விரல்களுக்குப் பாறை எட்டும். மேலே இருக்கும் வெள்ளியும் பளிங்கும் உண்மையில் நமக்கு இடையூறாகவே பட்டன. கைக்குத் தட்டுப்பட்ட அந்தச் சொரசொரப்பான குளிர்ந்த கல்லே போதுமாயிருந்தது. பின்னால் நீண்ட வரிசை. நமக்குக் கிடைத்தது இரண்டொரு நொடி. செபிப்பதற்கென்று நினைத்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

இவ்விரு சிற்றாலயங்களுக்கு நடுவே வியாகுல அன்னையின் சிறு பீடம் இருக்கின்றது. 1778இல் லிஸ்பன் நகரிலிருந்து வந்த மரச் சுரூபம். அன்னையின் நெஞ்சில் ஒரு வாள். பீடம் மிகச் சிறியது. விரைந்து நகரும் பலர் அதனைக் கவனிப்பதே இல்லை. அங்கே நின்றபோதுதான் யெகோகனானின் தாய் நம் நினைவுக்கு வந்தாள்.

படியிறங்கிக் கீழே வந்தால், பாறைக்கு நேர் அடியில் ஆதாமின் சிற்றாலயம். கண்ணாடிக்கு அப்பால் பாறையின் விரிசலைக் காணலாம். ஆண்டவர் உயிர் நீத்தபோது நிலம் நடுங்கிப் பாறைகள் பிளந்தன என்று மத்தேயு கூறுவதோடு பக்தர்கள் இவ்விரிசலை இணைத்துப் பார்க்கின்றனர். கல்தச்சர் பாறையை ஒதுக்குவதற்கு இவ்விரிசலே காரணமாயிற்று என்கின்றனர் அறிஞர். முதல் மனிதனின் மண்டை ஓடு இவ்விடத்தில் புதைந்திருந்தது என்றும், ஆண்டவரின் குருதி விரிசல் வழியாக இறங்கி அதனை நனைத்தது என்றும் பழங்காலத்து மரபுக்கதை உண்டு. நம் வீட்டுப் பாடுபட்ட சுரூபத்தின் காலடியில் சிறு மண்டை ஓடும் குறுக்கெலும்புகளும் இருக்கின்றனவே, அது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் இக்கதையைச் சொல்லலாம். கதை வரலாறு அன்று. அதன் கருத்து அழகானது.

இத்தலத்தின் பிற்கால வரலாறு நீண்டது, சுருங்கச் சொல்வோம். யூதரின் இரண்டாம் கிளர்ச்சி கி.பி. 135இல் அடங்கிய பின், ஹேட்ரியன் பேரரசர் நகரைப் புதிதாக அமைத்து, இவ்விடத்தை மண்ணிட்டு மேடாக்கித் தம் தெய்வத்திற்குக் கோயில் எழுப்பினார். கான்ஸ்டன்டைன் பேரரசர் அதனை அகற்றி எழுப்பிய பேராலயம் 335இல் நேர்ந்தளிக்கப்பட்டது. 614இல் பாரசீகர் தீயிட்டனர். 1009இல் எகிப்தின் ஆட்சியாளர் அல்-ஹக்கீம் இடித்தார். இன்று காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 1149இல் சிலுவைப் போர் வீரர் அமைத்தது. 1808இல் மீண்டும் ஒரு தீவிபத்து. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த எஜேரியா என்ற பெண் பயணி, பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை திருநூல் வாசகங்களைக் கேட்டு, பெரியோரும் சிறியோரும் கதறி அழுததை எழுதிவைத்திருக்கின்றார். திருச்சிலுவை மரத்தை மக்கள் முத்தமிடும்போது திருத்தொண்டர் சூழ நின்று காவல் காத்தனராம். முன்னொரு முறை எவரோ முத்தமிடுவதுபோல் ஒரு துண்டைக் கடித்து எடுத்துச் சென்றுவிட்டதே காரணம்! பக்தியின் பெயரால் மனிதர் செய்வனவற்றில் புதுமை ஏதுமில்லை போலும்.

அழாமல் இருக்க முடியாத மற்றொன்றும் இங்குண்டு. இக்கோயிலைக் கத்தோலிக்கர், கிரேக்கர், ஆர்மீனியர், சிரியானியர், கோப்தியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபையார் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். எந்தத் தூண் யாருடையது, எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பனவெல்லாம் 1757லும் 1852லும் துருக்கிய சுல்தான்கள் இட்ட ஆணைகளின்படி இன்றும் நடக்கின்றன. முகப்பில் மேல் சாளரத்தின் கீழே ஒரு மர ஏணி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே நிற்கின்றது. எல்லாரும் ஒப்பாமல் எவரும் அதை நகர்த்த இயலாது. 2008இல் துறவியரே கைகலந்த காட்சியை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. நம் பகைவருக்காகவும் ஆண்டவர் மன்னிப்பு வேண்டிய பாறைக்குச் சில அடிகள் தள்ளி இது நிகழ்ந்தது என்பதை எழுதக் கை கூசுகின்றது. ஆயினும் 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெருந்தந்தை அத்தநாகோராசும் எருசலேமில் தழுவிக்கொண்டதையும், 2014இல் திருத்தந்தை பிரான்சிசும் முதுபெருந்தந்தை பர்த்தலோமேயும் இக்கோயிலுக்குள்ளேயே சேர்ந்து செபித்ததையும், 2016இல் ஆண்டவரின் கல்லறை மண்டபத்தைச் சீரமைக்கக் கிரேக்கரும் ஆர்மீனியரும் பிரான்சிஸ்கன் துறவியரும் ஒன்றாக முன்வந்ததையும் சொல்லாமல் விடுவது முறையாகாது.

எத்தியோப்பியத் துறவியரைக் காண வேண்டுமானால் கோயிலின் கூரைமேல் ஏற வேண்டும். புனித எலேனா சிற்றாலயத்தின் குவிமாடம் நடுவே தலைநீட்ட, அதைச் சுற்றிலும் மண்பூசிய சிறு குடில்கள். மெலிந்த உருவமும் கறுத்த மேனியும் கொண்ட துறவியர், வெயிலில் ஒரு சுவரோரமாக அமர்ந்து செபநூலை முணுமுணுத்துக்கொண்டிருந்தனர். கீழே வெள்ளி விளக்குகளுக்கிடையே அவர்களுக்கென்று இடமில்லை. அந்தக் கூரையும் தம்முடையதே என்று கோப்தியர் உரிமை கொண்டாடுவதால் வழக்கு இன்னும் தீரவில்லை. முதியவர் ஒருவர் நம்மைக் கண்டு புன்னகைத்து, தம் கையிலிருந்த மரச்சிலுவையை முத்தமிட நீட்டினார்.

ஊருக்கு வெளியே என்ற சொல்லுக்கு நம் நாட்டில் என்ன பொருள் என்பதை நாம் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியதில்லை. சுடுகாடு ஊருக்கு வெளியே. சேரியும் ஊருக்கு வெளியே. அறையுண்டவரின் பெயரால் திருமுழுக்குப் பெற்ற பின்னும், கோயிலுக்குள் தனியிடம் வகுத்து, கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பி, இறந்தோரையும் இரண்டாகப் பிரித்த வரலாறு நமக்குண்டு. அவர் வாயிலுக்குப் புறம்பே பாடுபட்டார். ஆகையால் நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்துகொண்டு அவரிடம் வெளியே செல்ல வேண்டும் என்பது எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் கருத்து. பெரிய வெள்ளிதோறும் சிலுவையை முத்தமிட நாம் கோயிலுக்கு உள்ளே வருகின்றோம். அத்திருமுகமோ வெளியே போகச் சொல்கின்றது. எங்கே போவது என்பது அவரவர் ஊரைப் பொறுத்தது.

மாலையில் கோயில் பூட்டுவதைக் காண முற்றத்தில் காத்திருந்தோம். பல நூற்றாண்டுகளாக இக்கோயிலின் சாவியை வைத்திருப்போர் இஸ்லாமியக் குடும்பத்தார்; ஜூதே குடும்பம் சாவியைக் காக்க, நுசைபே குடும்பம் கதவைத் திறந்து மூடுகின்றது. கிறிஸ்தவர் தங்களுக்குள் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில், எல்லாரும் நம்பும் மனிதர் அவர்களே. துறவியர் உள்ளே இருக்க, பெருங்கதவுகள் மூடுகின்றன. உள்ளிருந்து ஓர் ஏணி வெளியே வருகின்றது. வாயில் காப்போர் அதில் ஏறி மேல் பூட்டைப் பூட்டி, இறங்கி, கீழ்ப் பூட்டையும் பூட்டுகின்றார். பின்னர்க் கதவிலுள்ள சிறு திறப்பின் வழியாக ஏணியை உள்ளே தள்ளுகின்றார். உள்ளிருக்கும் கைகள் அதனை வாங்கிக்கொள்கின்றன. திறப்பும் மூடிக்கொள்கின்றது. சாவியை எடுத்துக்கொண்டு அவர் கடைத்தெருப் பக்கமாக நடந்து சென்றார். முற்றத்தில் எஞ்சியிருந்த சிலர் இருட்டிவிட்டதைக் கண்டு எழுந்தனர். ஒரு தாய் மட்டும் உறங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கதவருகே படியில் அமர்ந்திருந்தாள்.